சொகுசு ஃபேஷன் நிறுவனத்தில் சட்டத் துறைக்குப் புதிதாக வருபவருக்கு: எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது

2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. டியோர் குழுமத்தின் இத்தாலிய உற்பத்திக் கிளையை ஓராண்டுக்கு நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்த உத்தரவு அது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு கைப்பையைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது 53 யூரோ என்று வழக்கு ஆவணங்கள் சொல்லின. தோல் விலை அதில் சேராது, ஆனாலும் படித்தவர்களுக்கு அந்த இரண்டு எண்கள்தான் மனதில் நின்றன.

இப்படி ஓர் உத்தரவு கைக்கு வரும் நாளில் சட்டத் துறையால் செய்ய முடிவது கொஞ்சம்தான். செய்திருக்க வேண்டிய வேலை, சப்ளையரிடம் விலை பேசிய மேசையில், பல மாதங்களுக்கு முன்பே முடிந்துபோயிருக்கும். நான் வெளியே வக்கீலாக இருந்துவிட்டு இந்தத் துறைக்குள் வந்தவள். வந்த பிறகு எனக்குப் புரிந்த பெரிய வித்தியாசம் இதுதான்: வெளி வக்கீலைப் பிரச்சினை தேடி வரும். உள்ளே இருப்பவர் பிரச்சினையைத் தேடிக்கொண்டு போக வேண்டும். இந்தத் தொழிலில் நிறுவனத்தின் சொத்து முக்கால்வாசி அதன் பெயர்தான். அந்தப் பெயருக்கு எங்கெல்லாம் அடி விழலாம் என்று முன்கூட்டியே பார்த்து வைப்பவர்தான் சட்டத் தலைவர், அதாவது ஜெனரல் கவுன்சல். அவருடைய அணியில் முதல் வேலைக்குச் சேர்பவரும் இந்தப் பார்வையோடுதான் சேர வேண்டும்.

முதல் படி: பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

சேர்ந்த முதல் வாரம் கோப்புகளைத் தள்ளி வையுங்கள். பட்டறைக்கும் ஷோரூமுக்கும் போங்கள். ஒரு பையை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, இதை எந்தச் சட்டம் காப்பாற்றுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயரும் லோகோவும் டிரேட்மார்க். பையின் உருவம் டிசைன் பதிவு. துணியில் அச்சிட்ட ஓவியத்துக்குப் பதிப்புரிமை. கொக்கியில் புது நுட்பம் ஏதாவது இருந்தால் காப்புரிமை.

தையல்? எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தோல் கைவினைஞர். மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் ஊசியை ஓட்டினார். குதிரைச் சேணம் தைத்த காலத்து முறை அது. ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிரியாது. மெஷின் தையலில் ஓர் இடம் விட்டால் வரிசையாகப் பிரிந்து வரும். கைத்தையல் லேசாகச் சாய்ந்து நிற்கும், விரலால் தடவினாலே தெரியும். இந்த முறையைப் பதிவு செய்து யாரும் தனதாக்கிக்கொள்ள முடியாது. ஆனால், பின்னால் ஒரு போலிப் பையை அதிகாரி முன்னால் காட்டி "இது எங்களுடையது இல்லை" என்று நிரூபிக்கும்போது உங்களுக்குக் கைகொடுப்பது இந்த அறிவுதான். சட்டப் புத்தகத்தில் இது கிடைக்காது.

பொருளைத் தெரிந்தவருக்குத்தான் எந்த வழக்கைப் போடலாம், எதை விடலாம் என்பதும் தெரியும். செருப்பின் அடிப்பாகத்தைச் சிவப்பாக்கி அதையே டிரேட்மார்க்காகப் பதிந்து வைத்த பிரெஞ்சுச் செருப்பு நிறுவனம் லூபூட்டானின் கதை இதற்கு நல்ல பாடம். மேலும் கீழும் முழுக்கச் சிவப்பாக இருந்த ஒரு செருப்புக்காக லூபூட்டான், ஈவ் சான் லோரான் என்ற இன்னொரு ஃபேஷன் நிறுவனத்தின் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 2011இல் முதல் நீதிமன்றம், ஃபேஷனில் ஒரு நிறத்தை ஒருவர் சொந்தம் கொண்டாடுவதையே சந்தேகப்பட்டது. 2012 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த டிரேட்மார்க்கைக் காப்பாற்றியது. ஆனால் செருப்பின் மேல்பாகம் வேறு நிறத்தில் இருந்தால் மட்டும்தான் உரிமை என்று எல்லை போட்டது. முழுச் சிவப்புச் செருப்பை விற்க எதிராளிக்குத் தடை இல்லை. ஐரோப்பிய நீதிமன்றத்திலும் 2018 ஜூனில் லூபூட்டானுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. அங்கே பதிவு மிகத் துல்லியமாக இருந்தது: பான்டோன் நிற அட்டவணையில் 18-1663டிபி என்ற எண்ணுள்ள சிவப்பு, குதிகால் செருப்பின் அடிப்பாகத்தில், காட்டிய இடத்தில் மட்டும். வழக்கு போடும்முன் சட்டத் தலைவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "தோற்றால் எதை இழப்போம்?" என்பது. லூபூட்டான் அந்த முதல் தீர்ப்போடு நின்றிருந்தால், ஒரு செருப்புக்காகப் போய் அமெரிக்காவில் அடிப்பாகத்தின் உரிமையையே இழக்க நேர்ந்திருக்கலாம்.

இரண்டாம் படி: ஷோ தேதிக்கு முன்னால் உங்கள் தேதி

டிசைன் குழு எப்போதும் ஃபேஷன் ஷோ தேதியை வைத்துத்தான் ஓடும். உங்கள் காலண்டர் அதற்கு முன்னால் ஓட வேண்டும். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி, விண்ணப்பம் போடும் முன்பே ஒரு டிசைன் உலகில் எங்காவது வெளியாகிவிட்டால் பதிவு கிடைக்காது. மேடையில் ஒரு மாடல் அதைப் போட்டுக்கொண்டு நடந்து, படம் இன்ஸ்டாகிராமில் ஏறிவிட்டால் கதை முடிந்தது. ஐரோப்பாவில் 12 மாத அவகாசம் உண்டு, பதிவே செய்யாத டிசைனுக்கும் 3 ஆண்டு பாதுகாப்பு உண்டு. அந்தப் பழக்கத்தில் இருக்கும் பாரிஸ் அலுவலகம் இந்தியாவிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். அவர்களுக்கு எடுத்துச் சொல்வது உங்கள் வேலை.

இன்னொரு பொறி நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவில் இருக்கிறது. டிசைனாகப் பதிவு செய்யத் தகுந்ததைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் தயாரித்துவிட்டால் அந்த டிசைனின் பதிப்புரிமையும் போய்விடும். சின்ன டிசைனர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். "வரைந்தது நான்தானே, உரிமை எனக்குத்தானே" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். ஐம்பத்தோராவது உருப்படியோடு அது போயிருக்கும்.

மூன்றாம் படி: டிசைனர் அறையில் ஒரு நாற்காலி

சுவரில் படங்களும் துணித் துண்டுகளும் ஒட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சுவரைப் பார்த்து, "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும். அதட்டலாகக் கேட்டால் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார்கள். உண்மையான ஆர்வத்தோடு கேளுங்கள்.

2025 ஜூனில் மிலானில் நடந்த பிராடா ஆண்கள் ஷோவில் கோலாப்புரி செருப்பு போலவே ஒன்று மேடையேறியது. அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. இந்தியக் கைவினையின் தாக்கம் அதில் உண்டு என்று பிராடா பின்னர் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், அங்குள்ள கைவினைஞர்களைக் கொண்டே செருப்பு தயாரிக்க இரு மாநில அரசுத் தோல் கழகங்களோடு உடன்பாடு செய்துகொண்டது. கோலாப்புரிக்கு 2019 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் புவிசார் குறியீடு முதலில் காப்பது பெயரைத்தான், பிராடா அந்தப் பெயரைப் பயன்படுத்தவே இல்லை. சட்டத்தை மட்டும் பார்த்து "பிரச்சினை இல்லை" என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது பெரும்பாலும் சரியான பதில்தான். ஆனாலும் போதாத பதில். பல தலைமுறையாக ஒரு செருப்பைத் தைத்து வந்தவர்களுக்கு அவர்களுடைய பெயரைச் சொல்வது மரியாதை. அந்த மரியாதையை நினைவூட்ட அறையில் ஒருவர் இருக்க வேண்டும், அது நீங்களாகவே இருக்கலாம்.

நான்காம் படி: போலி

பர்மா பஜாரில் கேட்டால் "ஃபர்ஸ்ட் காப்பி" என்பார்கள். எல்லாப் போலியையும் துரத்த எந்த நிறுவனத்திடமும் பணம் இல்லை. தெருக் கடையை விடக் கிடங்கும், கிடங்கை விட இறக்குமதியாளரும் முக்கியம். ஆகவே சுங்கத் துறையிலிருந்து தொடங்குங்கள். இந்தியாவில் 2007ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் டிரேட்மார்க்கைச் சுங்கத் துறையில் பதிந்து வைக்கலாம். சந்தேகப்பட்ட சரக்கை அவர்கள் நிறுத்தி வைத்துத் தகவல் தருவார்கள். நிறுத்தியதிலிருந்து 10 வேலை நாளுக்குள் நீங்கள் நடவடிக்கையில் சேராவிட்டால் சரக்கு விடுவிக்கப்படும். அந்த மின்னஞ்சல் யார் கைக்கு வருகிறது, அவர் லீவில் இருந்தால் யார் பார்ப்பார் என்பதை இன்றைக்கே தீர்த்து வையுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது பட்டறைக்குப் போய்வந்த ஒருவரை அனுப்புங்கள். ஜிப்பின் பல், உள்துணியின் மடிப்பு, தையலின் சாய்வு என்று நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இணையத்தில் ஊருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 2008 ஜூன் 30 அன்று பாரிஸ் வணிக நீதிமன்றம், போலி விற்பனைக்காக ஈபே என்ற இணையச் சந்தை, லூயி வுய்த்தோன், டியோர் போன்ற பிராண்டுகளை வைத்திருக்கும் எல்விஎம்ஹெச் குழுமத்துக்குச் சுமார் 4 கோடி யூரோ தர வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் தொகை வெகுவாகக் குறைந்தது. அதற்கு இரண்டே வாரம் கழித்து நியூயார்க்கில் நகை நிறுவனமான டிஃபனி அதே ஈபேயிடம் தோற்றது. தளம் ஒன்று, புகார் ஒன்று, கடல் தாண்டினால் பதில் வேறு. டெல்லி உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் லூபூட்டான் தொடுத்த வழக்கில் நடுவழி ஒன்றைச் சொன்னது. விற்பனையில் தானே கைபோட்டு நடத்தும் தளம், "நான் வெறும் இடைத்தரகர்" என்று ஒதுங்க முடியாது, விற்பவரின் விவரத்தைக் காட்ட வேண்டும். தளங்களுக்கு நோட்டீஸ் எழுதும்போது இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: யார் விற்கலாம், என்ன விலைக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லை தெளிவாக இருக்கிறது. யார் விற்கலாம் என்று தேர்ந்தெடுக்க உங்களுக்கு இடம் உண்டு. 2017 டிசம்பரில் கோட்டி என்ற வாசனைத் திரவிய நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், சொகுசு பிராண்டுகள் தம் அங்கீகாரம் பெற்ற கடைக்காரர்களை வெளித் தளங்களில் விற்காதபடி கட்டுப்படுத்தலாம் என்றது. ஆனால் கடைக்காரர் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். இத்தனைக்கு மேல் டிஸ்கவுண்ட் கூடாது, இந்தத் தேதிக்கு முன் தள்ளுபடி விற்பனை கூடாது என்று தனிக் கடைக்காரர்களைக் கட்டுப்படுத்தியதற்காக, ஐரோப்பிய ஆணையம் 2025 அக்டோபரில் குச்சி, குளோயே, லோவே மூன்றுக்கும் சேர்த்து 15.7 கோடி யூரோ அபராதம் போட்டது. குச்சியின் பங்கு மட்டும் சுமார் 12 கோடி. நம் போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவிலும் இதே விஷயம் இருக்கிறது.

இந்த மாதிரித் தவறு ஒப்பந்தத்தில் எழுதிக் கிடக்காது. விற்பனைக் குழுவில் யாரோ ஒருவர் கடைக்காரருக்கு அனுப்பும் வாட்ஸாப் செய்தியில் இருக்கும். ஆகவே விற்பனைக் குழுவோடு உட்கார்ந்து, எந்த வாக்கியத்தை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று உதாரணத்தோடு காட்டுங்கள். அரை மணி நேர வகுப்பு போதும், ஆனால் வருடா வருடம் நடத்த வேண்டும்.

விற்காத சரக்கு என்ன ஆகிறது என்றும் கேட்டு வையுங்கள். பிரிட்டிஷ் ஃபேஷன் நிறுவனமான பர்பெரி 2018இல் வெளியிட்ட ஆண்டறிக்கையில் 2.86 கோடி பவுண்ட் மதிப்புள்ள சரக்கை அழித்ததாகச் சொன்னது. எழுந்த கோபத்தில் அதே ஆண்டு செப்டம்பரில் அந்தப் பழக்கத்தை விட்டது. விற்காத துணியையும் செருப்பையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜூலை 19 முதல் தடை விதித்திருக்கிறது.

ஆறாம் படி: யார் தைக்கிறார்கள்

இங்கே நிதானமாக இருங்கள். என்னைக் கேட்டால் இந்த வேலையின் கனமான பகுதி இதுதான்.

மிலான் நீதிமன்றத்துக்கு வந்தது டியோர் மட்டும் இல்லை. 2024 ஜனவரியில் அல்வியேரோ மார்த்தினி, ஏப்ரலில் அர்மானியின் ஒரு கிளை, 2025 மே மாதம் வாலண்டினோவின் பைக் கிளை, ஜூலையில் லோரோ பியானா. எல்லாவற்றிலும் வடிவம் ஒன்றுதான். பிராண்ட் ஒரு சப்ளையரிடம் ஆர்டர் கொடுக்கும். அவர் வேலையை இன்னொருவரிடம் கொடுப்பார். நம் ஊர்ப் பேச்சில் ஜாப் ஒர்க். கடைசியில் தைப்பது நகர எல்லையில் இருக்கும் ஒரு சிறு பட்டறை. டியோர் வழக்கில் ஆட்கள் பட்டறையிலேயே தூங்கினார்கள். வேலை வேகமாக நடக்க மெஷின்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றியிருந்தார்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் வேலை நடந்தது என்பதை விசாரணை அதிகாரிகள் காட்டியது மின்சாரப் பயன்பாட்டுக் கணக்கை வைத்து. இந்த நிறுவனங்கள் மீது குற்ற வழக்கு போடவில்லை. சப்ளையரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதே நீதிமன்றம் சொன்ன குறை. டியோரும் அர்மானியும் தம் நடைமுறைகளை மாற்றிக்கொண்ட பின் கண்காணிப்பு காலத்துக்கு முன்பே விலக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது அந்த மின்சாரக் கணக்கு. வழக்கமான ஆடிட்டில் இது பிடிபடாது. ஆடிட் வருகிறது என்று சொன்னால் பட்டறை கூட்டிப் பெருக்கப்பட்டிருக்கும், பதிவேடு நிரப்பப்பட்டிருக்கும். நீங்கள் வேறு இடத்திலிருந்து பார்க்க வேண்டும். நான் செய்யும் எளிய கணக்கு ஒன்று. ஒரு பையைத் தைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்கள் சொந்தப் பட்டறையில் கேளுங்கள். பேச்சுக்கு 6 மணி நேரம் என்று வைப்போம். அந்த ஊரில் சட்டப்படியான கூலி, வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 யூரோ ஆகிறது என்று வைப்போம். கூலி மட்டும் 90 யூரோ. சப்ளையர் 60 யூரோவுக்கு ஒத்துக்கொள்கிறார் என்றால், மிச்ச 30 யூரோவை யாரோ ஒரு மனிதர் தன் தூக்கத்திலிருந்து தருகிறார். ஒப்பந்தத்தில் நன்னடத்தை விதி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தக் கணக்கு மாறாது. விலை பேசும் கொள்முதல் குழுவின் மேசைக்குச் சட்டத் துறை போவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது கொள்ளளவு. மாதம் 300 பை தைக்கும் ஆட்கள் உள்ள இடத்துக்கு 900 பை ஆர்டர் போனால், 600 வேறு எங்கோ தைக்கப்படுகிறது. ஒப்பந்தத்தில் துணை ஒப்பந்தத்துக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கேளுங்கள், ஆனால் அனுமதி கேட்டு வரும் சப்ளையரைத் தண்டிக்காதீர்கள். தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார்.

இது இத்தாலியின் கதை மட்டும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஷூ அப்பரும் (ஷூவின் மேல்பாகம்) தோல் பொருளும் வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போகின்றன. பாரிஸ் எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஃபிரான்சுவா லெசாஜ் 1993இல் தொடங்கிய வஸ்த்ரகலா பட்டறை சென்னையில்தான் இருக்கிறது. டியோர் 2023 மார்ச்சில் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஷோ நடத்தியது, தனக்கு எம்பிராய்டரி செய்யும் இந்தியக் கைகளை எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். 2017ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டம் ஒன்று, உலகெங்கும் குறைந்தது 10,000 பேருக்கு, அல்லது பிரான்சில் குறைந்தது 5,000 பேருக்கு வேலை தரும் நிறுவனங்கள் தம் சப்ளையர்களிடம் உள்ள மனித உரிமை அபாயங்களுக்குத் திட்டம் போட வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தின் கேள்வித்தாள் ஆம்பூர் வரை வரும். அதை நிரப்பும் மனிதரோடு தமிழில் பேசத் தெரிந்த ஒரு சட்ட அலுவலர் அங்கே எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும்.

ஏழாம் படி: உங்கள் மின்னஞ்சலை யார் படிக்கலாம்

குச்சி அமெரிக்காவில் கெஸ் நிறுவனத்தின் மீது வழக்கு போட்டபோது, குச்சியின் உள் வக்கீல் எழுதிய கடிதங்களைக் கெஸ் கேட்டது. வக்கீலும் கட்சிக்காரரும் பேசுவது ரகசியம்தானே? ஆனால் அந்த வக்கீலின் பார் பதிவு, அதாவது வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமம், பல ஆண்டுகளாகச் செயலில் இல்லை. நிறுவனத்துக்கே அது தெரியாது. 2010இல் ஒரு நீதிபதி, ரகசியப் பாதுகாப்பு கிடையாது என்றார். 2011 ஜனவரியில் மேல் நீதிபதி, அவர் வக்கீல் என்று நிறுவனம் நியாயமாக நம்பியது என்று சொல்லி அதை மாற்றினார். நூலிழையில் தப்பியது. அணியில் உள்ள ஒவ்வொருவருடைய பதிவும் செயலில் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில் இந்தப் பாதுகாப்பு உள் வக்கீலுக்கு இல்லவே இல்லை. 2010 செப்டம்பரில் அக்சோ நோபல் என்ற ரசாயன நிறுவனத்தின் வழக்கில் இது உறுதியானது. இந்தியாவில் முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தவர் பார் கவுன்சில் 49ஆம் விதிப்படி வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. வக்கீலுக்கு உள்ள சாட்சியச் சட்டப் பாதுகாப்பு உள் சட்ட ஆலோசகருக்கு அப்படியே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. சரி, நடைமுறையில் என்ன செய்வது? விலை, போட்டி, விசாரணை பற்றிய ஆலோசனையை வெளி வக்கீல் வழியாக எழுத்தில் வாங்குங்கள். மற்றவற்றில், நாளைக்கு நீதிபதி படித்தால் கூசாத வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள். கோச் பிராண்டை வைத்திருக்கும் டாபெஸ்ட்ரி, மைக்கேல் கோர்ஸை வைத்திருக்கும் கேப்ரி இரண்டும் 850 கோடி டாலருக்கு ஒன்று சேர நினைத்து, 2024 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத் தடையால் நின்றுபோனதில், அவர்களுடைய உள் ஆவணங்களே அவர்களுக்கு எதிராகப் பேசின.

வேலை தேடுகிறவர்களுக்கு

நேராகப் பாரிஸ் தலைமையகத்தில் வேலை கிடைப்பது அரிது. டிரேட்மார்க் வழக்கு நடத்தும் அலுவலகத்தில் இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டு வருவது நல்ல வழி. இந்தியாவில் சொகுசு பிராண்டுகளைக் கொண்டுவரும் பெரிய சில்லறைக் குழுமங்கள், நம் டிசைனர் நிறுவனங்கள், ஏற்றுமதித் தோல் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. ஃபிரெஞ்சோ இத்தாலியனோ ஒப்பந்தம் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டால் பெரிய பலம்.

நேர்காணலுக்கு முந்தின நாள் அந்த பிராண்டின் கடைக்குப் போங்கள். வாங்க வேண்டியதில்லை. ஒரு பையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கே தைத்தது என்று உள்ளே சின்னதாக அச்சிட்டிருக்கும். தையலைத் தடவிப் பாருங்கள். எங்கே, யார் தைத்தது என்று கடையில் இருப்பவரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள், உங்களிடம் கேள்வி இருக்கிறதா என்று அவர்கள் கேட்கும்போது, அந்தக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.